புதன் கோளில் பாதரசம் இருக்குமா?

தென்காசிக்காரன்:
மகள் ஆறாம் வகுப்பு, ஆங்கில வழி. கோளுக்கும் உலோகத்துக்கும் அந்தப் புத்தகத்தில் ஒரே பெயர், மெர்க்குரி. "அப்பா, அந்தக் கோள் முழுக்கப் பாதரசமா?" என்று கேட்டாள். இல்லையம்மா, பாறையும் இரும்பும்தான் என்றேன். விடவில்லை. "ஒரு சொட்டுகூட இருக்காதா? நாம் கொண்டுபோய் ஊற்றினால் என்ன ஆகும்?" என்கிறாள். இதற்கு எனக்குப் பதில் தெரியவில்லை. வானம் பார்ப்பவர்களும் வேதியியல் படித்தவர்களும் இங்கே இருக்கிறீர்கள். இரண்டைப் பற்றியும் அடிப்படையிலிருந்து சொன்னால் நல்லது. வாட்சப்பில் சுற்றும் கதை மட்டும் வேண்டாம்.

கேள்விக்குறி:
துண்டு போட்டு இடம் பிடித்துவிட்டேன். ஆரம்பியுங்கள்.

வெள்ளிமுளை:
கோள் பக்கம் என்னுடையது. உலோகத்தைச் செல்வி மேடம் பார்த்துக்கொள்ளட்டும்.

புதனின் விட்டம் 4,879 கி.மீ. நம் நிலவுக்கு 3,475. ஆக நிலவைவிடக் கொஞ்சம் பெரிய உருண்டை, அவ்வளவுதான். படத்தைக் காட்டினால் நிலவு என்றே சொல்லிவிடுவார்கள். பள்ளத்துக்குள் பள்ளம், சாம்பல் நிறம், காற்று என்று சொல்லும்படி எதுவும் இல்லை. பூமியில் 60 கிலோ இருப்பவர் அங்கே தராசில் ஏறினால் 23 கிலோ காட்டும்.

வெளியே நிலவு மாதிரி இருந்தாலும் உள்ளே விஷயம் வேறு. நிலவின் இரும்புக் கரு சின்னது. புதனிலோ ஆரத்தில் சுமார் 85 விழுக்காடு கருதான், அதற்கு மேலே நானூறு கி.மீ. சொச்சம் பாறை. அதனால்தான் இவ்வளவு சின்னக் கோளின் அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு 5.43 கிராம். பூமிக்கு அடுத்த இடம் (பூமி 5.51). இது ஏன் இப்படி என்பது இன்னும் தீராத வழக்கு. தொடக்க காலத்தில் ஏதோ ஒரு பெரிய உருண்டை மோதி மேல்பாறையைப் பிய்த்துக்கொண்டு போயிருக்கலாம் என்றார்கள். ஆனால் 2011 முதல் சுற்றிவந்து பார்த்த மெசஞ்சர் விண்கலம், மேற்பரப்பில் கந்தகமும் பொட்டாசியமும் எதிர்பார்த்ததைவிட நிறைய இருப்பதைக் கண்டது. அப்படி ஒரு மோதலில் கோளே உருகியிருந்தால், எளிதில் ஆவியாகிற இவை எப்போதோ போயிருக்க வேண்டுமே? அந்தக் கருத்து இப்போது ஆட்டம் கண்டிருக்கிறது.

மகள் கேட்டதற்கு இங்கேயே பாதிப் பதில் இருக்கிறது. மெசஞ்சர் அங்கே அளந்த தனிமங்களின் பட்டியலில் பாதரசம் இல்லை.

நாள் கணக்குதான் வேடிக்கை. சூரியனை 88 நாளில் சுற்றுகிறது. தன்னைத்தானே சுற்றிக்கொள்ள 58.65 நாள். அதாவது சூரியனை இரண்டு சுற்று முடிப்பதற்குள் தன் அச்சில் மூன்று சுற்று. இப்படிச் சுழல்வதால், ஒரு நண்பகலிலிருந்து அடுத்த நண்பகல் வர 176 பூமி நாள் ஆகிறது. காலையில் பிறந்த குழந்தைக்குச் சூரியன் மறையும் நேரத்தில் முதல் பிறந்த நாள் வந்துவிடும்! 1965 வரை இது யாருக்கும் தெரியாது. புதன் எப்போதும் ஒரே முகத்தைத்தான் சூரியனுக்குக் காட்டுகிறது என்று பள்ளிப் புத்தகங்களே சொல்லிக்கொண்டிருந்தன. அரசிபோ ரேடாரை வைத்து பெட்டிங்கில், டைஸ் என்ற இருவர் அளந்த பிறகுதான் உண்மை வெளியே வந்தது. இரண்டுக்கு மூன்று என்ற கணக்கு ஏன் என்று விளக்கியவர் இத்தாலியின் ஜுசெப்பே கொலம்போ.

வெப்பம்: பகலில் 430 டிகிரி செல்சியஸ் வரை, இரவில் மைனஸ் 180 வரை. சூட்டைப் பிடித்துவைக்கக் காற்று இல்லாததால் இந்த அலைச்சல். சூரியனுக்கு மிக அருகில் இருப்பதால் இதுதான் மிகச் சூடான கோள் என்று பலர் எழுதுகிறார்கள். தப்பு. அந்தப் பட்டம் வெள்ளிக்கு. அங்கே அடர்ந்த கார்பன் டை ஆக்ஸைடு மூடியிருப்பதால் இரவு பகல் எந்நேரமும் 460 டிகிரிக்கு மேல்.

ஆய்வகம்_செல்வி:
வெள்ளிமுளை தம்பி கடைசியில் சொன்ன அந்த இரண்டு எண்களைப் பிடித்துக்கொள்கிறேன். பாதரசம் உறைவது மைனஸ் 38.8 டிகிரியில். கொதிப்பது 357 டிகிரியில். புதனின் இரவு மைனஸ் 180, பகல் 430. ஆக இரவில் கட்டி, பகலில் ஆவி.

"சரி, விடிகிற நேரத்தில் நடுவே கொஞ்ச காலம் திரவமாக இருக்குமே? அங்கே விடியல்கூட மெதுவாகத்தானே வரும்?" என்று யாராவது கேட்பார்கள். அங்கேதான் சுவாரசியம். 357 என்பது நம் ஊர்க் காற்றழுத்தத்தில் கொதிக்கும் வெப்பம். எந்தத் திரவமும் திரவமாகவே நிலைத்து நிற்க அதன்மேல் ஒரு குறைந்தபட்ச அழுத்தம் வேண்டும். அதற்குக் கீழே போனால் கட்டியாக இருக்கலாம், ஆவியாக இருக்கலாம், நடுவில் இருக்க அனுமதி இல்லை. பாதரசம் இதில் மிகவும் தாராளம். வெறும் 0.000165 பாஸ்கல் இருந்தாலே அதற்குப் போதும் (பூமியின் காற்றழுத்தம் ஒரு லட்சம் பாஸ்கலுக்கு மேல்). ஆனால் புதனில் அதுகூடக் கிடையாது. அங்கே இருப்பது ஒரு பாஸ்கலில் நூறு கோடியில் ஒரு பங்குக்கும் குறைவு. எனவே இரவில் உறைந்து கிடக்கும் பாதரசம் விடிந்ததும் கற்பூரம் மாதிரி கட்டியிலிருந்து நேரே ஆவியாகப் போய்விடும். கையில் கொண்டுபோய்த் திரவமாகவே ஊற்றினாலும் நிலைக்காது, பார்த்துக்கொண்டிருக்கும்போதே குறைந்துகொண்டே வரும்.

ஆக, மகளிடம் இப்படிச் சொல்லுங்கள். பாதரசத்தைத் திரவமாகப் பார்க்க வேண்டுமென்றால் புதனுக்குப் போகக் கூடாது, பூமியிலேயே இருக்க வேண்டும்.

தென்காசிக்காரன்:
அருமை மேடம். ஆவி எங்கே போகும்?

ஆய்வகம்_செல்வி:
சூரியனின் புற ஊதாக் கதிர் அணுவிலிருந்து எலக்ட்ரானைத் தட்டிவிட்டால் அது அயனியாகிவிடும். பிறகு சூரியக் காற்று, அதாவது சூரியனிலிருந்து பாய்ந்துவரும் மின்னேற்றத் துகள்கள், அடித்துக்கொண்டு போய்விடும். தப்பித்த அணுக்கள் தாவித் தாவி இருட்டுப் பக்கம் போய் ஒட்டிக்கொள்ளும். மறுபடி விடிந்தால் மறுபடி கிளம்பும். விடியவே விடியாத இடத்தில் விழுந்தால்தான் நிரந்தரம்.

வெள்ளிமுளை:
விடியவே விடியாத இடம் புதனில் நிஜமாகவே இருக்கிறது. அதன் அச்சுக்குச் சாய்வே இல்லை என்று சொல்லலாம், ஒரு டிகிரியில் முப்பதில் ஒரு பங்குதான். அதனால் துருவத்தில் உள்ள பள்ளங்களின் அடியில் கோடிக்கணக்கான ஆண்டுகளாக வெயில் பட்டதில்லை. 1991இல் பூமியிலிருந்து ரேடார் அனுப்பிப் பார்த்தபோது அந்தப் பள்ளங்கள் பளிச்சென்று எதிரொலித்தன. தண்ணீர்ப் பனிக்கட்டி என்று சந்தேகப்பட்டார்கள். 2012இல் மெசஞ்சர் தரவுகள் அதை உறுதிசெய்தன. ஈயமே உருகுகிற கோளில் பனிக்கட்டி!

நிலவிலும் இதே மாதிரி இருட்டுப் பள்ளங்கள் உண்டு. 2009 அக்டோபரில் நாசா, எல்கிராஸ் திட்டத்தில், ராக்கெட்டின் காலி அடுக்கு ஒன்றை நிலவின் தென்துருவம் அருகே கேபியஸ் பள்ளத்தில் மோதவிட்டது. கிளம்பிய புழுதியில் தண்ணீர் இருந்தது, அது எல்லாச் செய்தித்தாளிலும் வந்தது. கூடவே பாதரச ஆவியும் இருந்தது, அது அவ்வளவாக வரவில்லை. செல்வி மேடம் சொன்ன அதே வேலைதான், அணு அணுவாகத் தாவிவந்து குளிர்க் குழியில் மாட்டிக்கொண்டவை. நிலவில் இது நடந்திருக்கும்போது புதனின் துருவப் பள்ளங்களிலும் உறைந்த பாதரசம் கொஞ்சம் கிடக்கலாம் என்பது என் ஊகம். ஊகம் என்பதை அடிக்கோடிட்டுக்கொள்ளுங்கள்.

ரசவாதி:
பெரியவர்கள் சொன்னதை ஒதுக்கிவிட்டு எல்லாரும் மைனஸ் 38 என்கிறீர்கள். சித்தர்கள் ரசத்தைக் கட்டியிருக்கிறார்கள். கெட்டியான ரசமணியை என் தாத்தா அரைஞாணில் கோத்துக் கட்டியிருந்தார், நல்ல ஆரோக்கியமாக நீண்ட நாள் வாழ்ந்தார். நம் ஊர் வெயிலில் கெட்டியாக நின்றதே, அது எப்படி? விஷம் விஷம் என்று பயமுறுத்துவதும் ஆங்கில மருத்துவம் வந்த பிறகுதான். முறையாகச் சுத்தி செய்தால் நஞ்சு நீங்கிவிடும்.

ஆய்வகம்_செல்வி:
தாத்தாவின் மணி கெட்டியாக நின்றது உண்மைதான், மறுக்கவில்லை. ஆனால் அது தூய பாதரசம் இல்லை. வெள்ளி, வெள்ளீயம், செம்பு என்று எதையாவது பாதரசம் கரைத்துக்கொண்டால் அது இறுகிக் கலவையாகிவிடும். பல்லில் வைக்கும் வெள்ளி நிறச் சிமெண்டும் இதுதான். பாதரசம் உறைந்துவிடவில்லை, வேறு உலோகத்தோடு சேர்ந்துகொண்டது. இரும்போடு சேராது, அதனால்தான் அதை இரும்புக் குடுவையில் அடைத்து விற்றார்கள். தங்கத்தோடு உடனே சேர்ந்துவிடும். அலுமினியத்தின் மேற்படலத்தில் கீறல் விழுந்திருந்தால் அதையும் அரித்துக்கொண்டே போகும். விமானத்தில் பாதரசத்துக்கு இவ்வளவு கெடுபிடி அதனால்தான்.

சுத்தி விஷயம்: அழுக்கை எடுக்கலாம், ஈயக் கலப்பை எடுக்கலாம். பாதரசத்திலிருந்து பாதரசத்தை எடுக்க முடியாது. அது எந்த வடிவில் இருக்கிறது என்பதுதான் கேள்வி. லிங்கம் என்கிற சிவப்புத் தாது கந்தகத்தோடு சேர்ந்தது, தண்ணீரில் கரையவே கரையாத ஜாதி, அதனால் உடலுக்குள் மெதுவாகத்தான் போகும். வீரம் என்பது குளோரினோடு சேர்ந்தது, நன்றாகக் கரையும், கொஞ்சம் உள்ளே போனாலே சிறுநீரகம் காலி. இரண்டிலும் இருப்பது ஒரே உலோகம்தான். சந்தையில் விற்கும் ரசமணியைப் பாலில் போட்டுக் காய்ச்சிக் குடிக்கச் சொல்லி யூடியூபில் சிலர் பேசுகிறார்கள். தயவுசெய்து செய்யாதீர்கள். அதில் என்ன உலோகம் கலந்திருக்கிறது என்று விற்பவருக்கே தெரியாது.

ரசவாதி:
படித்தேன். ஒப்புக்கொள்ளவில்லை. நவபாஷாணம் பற்றித் தனி இழை தொடங்குகிறேன், அங்கே வாருங்கள்.

கேள்விக்குறி:
துண்டோடு வருகிறேன்.

பூங்கொடி:
நான் செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள். கோள் எல்லாம் எனக்குத் தெரியாது. தெர்மாமீட்டர் உடைந்தால் என்ன செய்வது என்று இந்த இழையில் யாராவது கேட்பார்கள் என்று பார்த்தேன், கேட்கவில்லை. அதனால் நானே சொல்லிவிடுகிறேன். இப்போது டிஜிட்டல் வந்துவிட்டாலும் பழைய கண்ணாடித் தெர்மாமீட்டர் பல வீட்டு அலமாரியில் இன்னும் கிடக்கிறது.

அதற்குள் இருப்பது சுமார் ஒரு கிராம். குழந்தை அதை விழுங்கிவிட்டது என்று அலறிக்கொண்டு ஓடிவருவார்கள். உண்மையில் விழுங்கிய திரவப் பாதரசம் குடலில் ஏறக்குறைய ஒட்டாமல் அப்படியே மலத்தில் வந்துவிடும். கண்ணாடித் துண்டு கிழித்திருக்குமோ என்பதுதான் முதல் கவலை, மருத்துவரிடம் காட்டத்தான் வேண்டும். ஆனால் யாரும் அலறாத விஷயம் ஒன்று இருக்கிறது. தரையில் சிதறியதைக் கட்டிலுக்கு அடியில் அப்படியே விட்டுவிடுவார்கள். ஆபத்து அதில்தான். அறை வெப்பத்திலேயே அது ஆவியாகிக்கொண்டிருக்கும், நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. மூச்சில் போகும் ஆவியில் பெரும்பகுதியை நுரையீரல் உறிஞ்சிக்கொள்ளும். அங்கிருந்து மூளைக்கும் சிறுநீரகத்துக்கும் போகும்.

எனவே: குழந்தைகளை அறையைவிட்டு அனுப்புங்கள். ஜன்னலைத் திறந்து, அறைக்கதவை மூடுங்கள். துடைப்பத்தால் பெருக்காதீர்கள், பெருக்கினால் பொடிப்பொடிக் குண்டுகளாகி ஆவி இன்னும் கூடும். வாக்குவம் கிளீனரைத் தொடவே தொடாதீர்கள், அது சூடாக்கி வீடு முழுக்க ஊதிவிடும். மோதிரம், வளையலைக் கழற்றிவிட்டு, கையுறை போட்டுக்கொண்டு, தடித்த அட்டையால் ஒன்றுசேர்த்து, சொட்டு மருந்துக் குழாயால் உறிஞ்சி மூடியுள்ள கண்ணாடிப் புட்டியில் போடுங்கள். மிச்சத்தை ஒட்டும் டேப்பால் எடுங்கள். கழிவறையில் கொட்டாதீர்கள். தங்கத்தில் பட்டால் வெள்ளையாகிவிடும், என்னுடன் வேலை பார்த்த ஒருவரின் மோதிரம் அப்படிப் போனது.

கோடை_மலையன்:
அக்கா தெர்மாமீட்டர் என்றதும் எங்கள் ஊரைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. அமெரிக்காவில், நியூயார்க் மாநிலத்தின் வாட்டர்டவுனில் இருந்த தெர்மாமீட்டர் ஆலையை அங்கே மூடிவிட்டு, 1980களின் தொடக்கத்தில் கொடைக்கானலுக்குக் கொண்டுவந்தார்கள். முதலில் பாண்ட்ஸ் நிறுவனம், பிறகு இந்துஸ்தான் லீவர் கைக்கு வந்தது. செய்த தெர்மாமீட்டர்களில் பெரும்பகுதி ஏற்றுமதிக்கு. 2001 மார்ச்சில் மூஞ்சிக்கல் பழைய இரும்புக்கடையில் பாதரசம் ஒட்டிய உடைந்த கண்ணாடி டன் கணக்கில் கிடப்பதை ஊர்க்காரர்களும் கிரீன்பீஸ் அமைப்பும் வெளிக்கொண்டுவந்தார்கள். ஆலை மூடப்பட்டது. 2003இல் சுமார் 290 டன் கழிவைக் கப்பலில் ஏற்றி அமெரிக்காவுக்கே திருப்பி அனுப்பினார்கள். முன்னாள் தொழிலாளர்கள் 591 பேருடன் நிறுவனம் உடன்பாட்டுக்கு வந்தது 2016 மார்ச்சில், பதினைந்து ஆண்டு கழித்து.

மண் கதை அதற்குப் பிறகும் ஓடியது. ஆலை இருந்தது பாம்பார் சோலைக்கு மேலே உள்ள சரிவில். மழை பெய்தால் எங்கே இறங்கும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். ஒரு கிலோ மண்ணில் 20 மில்லிகிராம் வரை விட்டுவைக்கலாம் என்று அளவு குறித்தார்கள். காட்டை ஒட்டிய இடத்துக்கு அது மிக அதிகம் என்று இங்கே உள்ளவர்கள் வாதாடினார்கள். எனக்கும் அதே கருத்துதான். வெளிநாட்டில் இதைவிடக் கடுமையாகச் சுத்தம் செய்கிறவர்கள் இங்கே ஏன் கையைச் சுருக்க வேண்டும்?

மட்டுநகர்_ரவி:
வணக்கம். நாங்கள் கிழமையில் நாலைந்து நாள் மீன் சாப்பிடுகிற ஆட்கள். மீனில் பாதரசம் இருக்கிறது என்று பிள்ளைத்தாச்சியான தங்கச்சியை டொக்டர் கவனமாக இருக்கச் சொல்லியிருக்கிறா. விழுங்கினால் ஒட்டாது என்று பூங்கொடி அக்கா சொல்கிறா. எது சரி?

ஆய்வகம்_செல்வி:
இரண்டும் சரி ரவி. அக்கா சொன்னது உலோகமாக இருக்கும் பாதரசம். மீனில் இருப்பது மீத்தைல் பாதரசம். நீர்நிலையின் அடிச்சேற்றில் உள்ள நுண்ணுயிர்கள் பாதரசத்தை இப்படி மாற்றிவிடுகின்றன. இது குடலில் நன்றாகவே உறிஞ்சப்படும், மூளைக்குள் போகும், கருப்பையில் உள்ள குழந்தைக்கும் போகும். சின்ன மீனைப் பெரிய மீன் தின்ன, அதை இன்னும் பெரியது தின்ன, ஒவ்வொரு படியிலும் சேர்ந்துகொண்டே போகும். எனவே தங்கச்சி சுறா, மயில்மீன், பெரிய சூரை போன்ற வேட்டை மீன்களைக் குறைத்துக்கொள்ளட்டும். சாளை, நெத்தலி, சூடை மாதிரிச் சின்ன மீன்களைத் தாராளமாகச் சாப்பிடலாம். மீனையே நிறுத்த வேண்டியதில்லை, குழந்தையின் மூளை வளர்ச்சிக்கு அது நல்லதும்கூட.

இது எவ்வளவு கொடியது என்பதை உலகுக்குக் காட்டிய ஊர் ஜப்பானின் மினமாட்டா. சிஸ்ஸோ என்ற ரசாயன ஆலை 1932 முதல் 1968 வரை மீத்தைல் பாதரசம் கலந்த கழிவை விரிகுடாவில் விட்டது. முதலில் ஊர்ப் பூனைகள் ஆடி ஆடி விழுந்து செத்தன. பிறகு மனிதர்கள். 1956 மே 1ஆம் தேதி நோய் அதிகாரபூர்வமாகப் பதிவானது. அதற்கு அப்புறமும் ஆலை பன்னிரண்டு ஆண்டுகள் கழிவை விட்டுக்கொண்டிருந்தது என்பதைத்தான் என்னால் ஜீரணிக்க முடியவில்லை. அந்த ஊர் பெயரில் உருவான பன்னாட்டு உடன்படிக்கை 2017இல் நடைமுறைக்கு வந்தது, இந்தியா 2018இல் ஏற்றது. தெர்மாமீட்டரும் ரத்த அழுத்தக் கருவியும் பாதரசத்தை விட்டுவிட்டு மாறிக்கொண்டிருப்பது அதனால்தான். இன்று உலகில் காற்றில் கலக்கும் பாதரசத்துக்கு மிகப் பெரிய காரணம் ஆலைகள்கூட இல்லை, ஆப்பிரிக்காவிலும் தென் அமெரிக்காவிலும் சிறு அளவில் தங்கம் தோண்டுபவர்கள். மண்ணில் உள்ள தங்கத்தைப் பாதரசத்தில் கரைத்து, அடுப்பில் வைத்து ஆவியாக்கித் தங்கத்தை எடுக்கிறார்கள்.

இன்னொரு மீத்தைல் சேர்ந்தால் இன்னும் மோசம். கேரன் வெட்டர்ஹான் என்ற அமெரிக்க வேதியியல் பேராசிரியர், 1996 ஆகஸ்டில், டைமீத்தைல் பாதரசம் ஓரிரு சொட்டு கையுறைமேல் சிந்தியதைப் பெரிதாக நினைக்கவில்லை. ரப்பர் கையுறைக்குள் அது நொடிகளில் ஊடுருவிவிட்டது. மாதக்கணக்கில் எந்த அறிகுறியும் இல்லை. 1997 ஜூனில் இறந்துபோனார். அவர் படித்ததே நச்சு உலோகங்களைப் பற்றித்தான். மாணவர்களை ஆய்வகத்துக்குள் விடும் முன் நான் இதைச் சொல்லாமல் விடுவதில்லை.

தென்காசிக்காரன்:
இழை எங்கேயோ போய்விட்டது, ஆனால் எல்லாம் தேவையானவைதான். இன்னொரு அடிப்படைக் கேள்வி. இரும்பு, செம்பு, தங்கம் எல்லாம் கட்டி. இது மட்டும் ஏன் திரவம்?

ஆய்வகம்_செல்வி:
இது மட்டும் என்று சொல்ல முடியாது. காலியம் 30 டிகிரியில் உருகிவிடும், மே மாதத் தென்காசியில் அதுவும் திரவம்தான். ஆனால் மைனஸ் 38 வரை உறையாமல் இருப்பது பாதரசம் ஒன்றே. காரணம் கேட்டால் நம்ப மாட்டீர்கள்: ஐன்ஸ்டைன்.

பாதரசத்தின் கருவில் 80 புரோட்டான்கள். அந்த இழுப்பில் விழாமல் சுற்ற வேண்டுமானால் உள்வட்ட எலக்ட்ரான் ஒளி வேகத்தில் பாதிக்கு மேல், சுமார் 58 விழுக்காடு வேகத்தில் ஓட வேண்டும். அந்த வேகத்தில் சார்பியல் விதிகள் வேலை செய்யத் தொடங்கிவிடும். எலக்ட்ரானின் நிறை கூடியது போலாகி வட்டம் சுருங்கும். வெளிவட்டத்தில் உள்ள இரண்டு எலக்ட்ரான்களும் கருவோடு ஒட்டி உள்ளே போய்விடும். உலோகம் கட்டியாக நிற்பதே பக்கத்து அணுக்களோடு வெளி எலக்ட்ரான்களைப் பகிர்ந்துகொள்வதால்தான். பாதரசம் பகிர மறுக்கிறது, அதனால் அணுக்கள் ஒன்றையொன்று சரியாகப் பிடித்துக்கொள்வதில்லை. 2013இல் ஒரு ஆய்வுக் குழு கணினியில் கணக்கிட்டது. சார்பியலைக் கணக்கிலிருந்து எடுத்துவிட்டால் உருகுநிலை இப்போது இருப்பதைவிட நூறு டிகிரிக்கு மேல் கூடி, சுமார் 82 டிகிரிக்குப் போய்விடுகிறது. ஐன்ஸ்டைன் இல்லாத உலகத்தில் பாதரசம் ஒரு சாதாரண வெள்ளைக் கட்டி.

வெள்ளிமுளை:
மேடம், இதை எதிர்பார்த்துத்தான் இவ்வளவு நேரம் காத்திருந்தேன். புதன் கோளின் பழைய புதிரை அவிழ்த்தவரும் அதே ஆள்!

புதனின் பாதை நல்ல நீள்வட்டம். சூரியனுக்குக் கிட்டே வந்தால் 4.6 கோடி கி.மீ., தூரம் போனால் ஏறக்குறைய 7 கோடி. அந்தக் கிட்டே வரும் புள்ளி ஒரே இடத்தில் நிற்காமல் மெல்ல நகர்ந்துகொண்டே போகும். மற்றக் கோள்களின் இழுப்பால் நகர்வது கணக்கில் வந்துவிடுகிறது. ஆனால் அதற்கு மேல் நூறு ஆண்டுக்கு 43 விகலை மிச்சம் விழுகிறது. விகலை என்றால் ஒரு டிகிரியில் 3,600இல் ஒரு பங்கு. நமக்கு இது பிச்சைக்காசு, வானியலாளர்களுக்குத் தூக்கம் போச்சு. பிரெஞ்சுக்காரர் லெ வெரியே 1859இல் இதைச் சுட்டிக்காட்டினார். அவர் சாமானியர் இல்லை, காகிதத்தில் கணக்குப் போட்டே நெப்டியூனைக் கண்டுபிடித்தவர். அதே உத்தியை இங்கேயும் போட்டார். புதனுக்கும் சூரியனுக்கும் நடுவே இன்னொரு கோள் ஒளிந்திருக்கிறது, அது இழுக்கிறது என்றார். வல்கன் என்று பெயரும் வைத்தாயிற்று. பார்த்தேன் என்று சொன்னவர்களும் உண்டு. பல சூரிய கிரகணங்களில் தேடித் தேடிக் களைத்தார்கள். 1915 நவம்பரில் ஐன்ஸ்டைன் தன் பொதுச் சார்பியல் சமன்பாட்டைப் புதனின் பாதைக்குப் போட்டுப் பார்த்தார். அதே 43 விகலை வந்து விழுந்தது. வல்கன் அன்றோடு காலி.

ஒன்றில் ஈர்ப்பு, இன்னொன்றில் வேகம். விதிகளின் பகுதி வேறுதான். ஆனாலும் நியூட்டனின் கணக்கை வைத்துக்கொண்டு இரண்டையும் விளங்கிக்கொள்ள முடியாது. பெயர்ப் பொருத்தம் பார்த்தவர்களுக்குக்கூட இவ்வளவு பொருத்தம் தெரிந்திருக்காது.

கேள்விக்குறி:
இதற்காகவே துண்டு போட்டது வீண் போகவில்லை.

காவிரிக்கரை:
குறுக்கே ஒரு சங்கதி. புதனில் உள்ள பள்ளங்களுக்குக் கலைஞர்கள், கவிஞர்கள், இசைக்காரர்கள் பெயர்தான் வைக்கிறார்கள். காளிதாசர், வால்மீகி இருக்கிறார்கள். எங்கள் திருவையாற்றுத் தியாகராஜரும் இருக்கிறார்! நூறு கி.மீ. அளவில் ஒரு பள்ளம்.

வெள்ளிமுளை:
அந்தத் தியாகராஜா பள்ளம் விஞ்ஞானிகளுக்கும் பிடித்தமான இடம். அதன் தரையில் ஆழமில்லாத, ஓரம் பளபளக்கும் சின்னச் சின்னக் குழிகள் கூட்டமாக இருக்கின்றன. மேற்பரப்பில் உள்ள ஏதோ ஒரு பொருள் ஆவியாகிப் போவதால் தரை உள்வாங்கி உண்டானவை என்று கருதுகிறார்கள். இப்போதும் உருவாகிக்கொண்டிருக்கலாம். மெசஞ்சர் எரிபொருள் தீர்ந்து 2015 ஏப்ரல் 30 அன்று புதனிலேயே விழுந்துவிட்டது. அடுத்துப் போவது ஐரோப்பாவும் ஜப்பானும் சேர்ந்து அனுப்பிய பெபிகொலம்போ. முன்னே சொன்ன அந்தக் கொலம்போவின் பெயர்தான். 2018 அக்டோபரில் கிளம்பியது, புதனைச் சுற்றத் தொடங்குவது 2026 நவம்பரில் என்று திட்டம். பக்கத்துக் கோளுக்கு எட்டு ஆண்டா என்று கேட்காதீர்கள். சூரியனை நோக்கிப் போகப் போக வேகம் ஏறிக்கொண்டே இருக்கும். அதைக் குறைப்பதற்குப் பூமியை ஒருமுறை, வெள்ளியை இருமுறை, புதனையே ஆறு முறை உரசிக்கொண்டு போக வேண்டியிருந்தது.

தென்காசிக்காரன்:
வெறுங்கண்ணால் பார்க்க முடியுமா?

வெள்ளிமுளை:
முடியும். ஆனால் சூரியனைவிட்டு 28 டிகிரிக்கு மேல் அது விலகவே விலகாது. அதனால் சூரியன் மறைந்த பிறகு மேற்கே தாழ்வாக, அல்லது விடியும் முன் கிழக்கே, ஒவ்வொரு முறையும் சில நாட்கள்தான் கிடைக்கும். ஐரோப்பாக்காரர்களைவிட நமக்கு வசதி, இங்கே அது அடிவானத்திலிருந்து செங்குத்தாக மேலே ஏறும். மலையோ கட்டடமோ மறைக்காத இடம் பாருங்கள். சூரியன் முழுக்க மறைவதற்கு முன் பைனாகுலரை எடுக்கவே கூடாது.

சூரியனின் முகத்தைக் கரும்புள்ளியாகப் புதன் கடந்துபோவதைப் பார்க்க 2032 நவம்பர் 13 வரை பொறுக்க வேண்டும். நம் ஊரில் அது பகல் நேரம். சூரிய வடிகட்டி பொருத்திய தொலைநோக்கி வேண்டும். இந்தியாவுக்கு இதில் பழைய தொடர்பும் உண்டு. ஜெரமையா ஷேக்கர்லி என்ற ஆங்கிலேயர் 1651இல் சூரத்திலிருந்து தொலைநோக்கியால் இப்படி ஒரு கடப்பைப் பார்த்துக் குறித்திருக்கிறார்.

தென்காசிக்காரன்:
மகளிடம் எல்லாவற்றையும் படித்துக் காட்டினேன். பாதரசத்திலேயே கண்ணாடி செய்து வானத்தைப் பார்க்கும் தொலைநோக்கி நைனிடால் பக்கம் இருப்பதாக அவள் ஒரு காணொளியில் பார்த்திருக்கிறாள். அதில் புதன் கோளைப் பார்க்கலாமா என்று கேட்கிறாள்.

வெள்ளிமுளை:
கெட்டிக்காரி. தேவஸ்தல் என்ற இடம். நான்கு மீட்டர் அகலத் தட்டில் சுமார் 50 லிட்டர் பாதரசத்தை ஊற்றி, எட்டு விநாடிக்கு ஒரு சுற்று வீதம் சுழற்றுகிறார்கள். சுழலும்போது திரவம் ஓரத்தில் ஏறி, நடுவில் தாழ்ந்து, தானாகவே சரியான குழியாடி ஆகிவிடுகிறது. கண்ணாடியைத் தேய்த்து மெருகேற்றும் செலவு மிச்சம். 2022இல் முதல் படம் எடுத்தார்கள். பாதரசத்தின்மேல் மெல்லிய பிளாஸ்டிக் படலம் விரித்திருக்கிறார்கள்.

ஆனால் புதனைப் பார்க்க முடியாது. தட்டைச் சாய்த்தால் பாதரசம் கொட்டிவிடும், எனவே அது நேர் உச்சியை மட்டும்தான் பார்க்கும். புதனோ சூரியனைவிட்டு விலகாத ஆள். அது உச்சிக்கு அருகே வருகிற நேரமெல்லாம் பகல்.